நிறத்துக்கு விலை, எடைக்கு விலை

கிருஷ்ணகிரி வட்டாரத்து வேப்பனப்பள்ளியில் போவா உண்டு. தென்னமெரிக்காவிலிருந்து யாரும் கொண்டுவந்து விட்டதல்ல. நிலக்கடலை பிடுங்கிய செம்மண்ணிலும், ராகிக் கொல்லை ஓரத்துக் கற்குவியலிலும், மாந்தோப்பு வரப்பின் எலிவளையிலும், ஊர் உண்டாவதற்கு முன்பிருந்தே இருக்கிறது. மண்ணுளிப் பாம்பு என்பார்கள். இருதலைப் பாம்பு, இருதலை மணியன் என்றும் சொல்வார்கள். ஒரு பக்கம் கர்நாடகமும் இன்னொரு பக்கம் ஆந்திரமும் நெருக்கும் வட்டாரம் என்பதால் கன்னடத்தில் ‘எரடு தலெ ஹாவு’ என்பதும் தெலுங்கில் ‘ரெண்டு தலல பாமு’ என்பதும் காதில் விழும். மூன்று மொழிக்காரர்களும் தகராறில்லாமல் ஒத்துக்கொண்ட அந்த இரண்டாவது தலை, மழுங்கிய வால்தான். ஆபத்து என்றால் நிஜத் தலையை உடற்சுருளுக்கு அடியில் ஒளித்துக்கொண்டு வாலைத் தூக்கிக் காட்டும். கொத்த வந்தது வாலைக் கொத்திவிட்டுப் போகட்டும் என்ற கணக்கு. நஞ்சு கிடையாது. எலியை வளைத்து இறுக்கித் தின்னும். வெளியே முட்டையிடாது, குட்டி போடும்.

அறிவியல் ஏட்டில் இது போவாவாகவே நுழைந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளராக இருந்த பேட்ரிக் ரஸ்ஸல், இந்தியப் பாம்புகள் பற்றிய தம் இரண்டாவது நூலை 1801இல் வெளியிட்டபோது இதற்கு ‘போவா ஜானி’ என்று பெயர் வைத்தார். ஜான் என்பவர் தரங்கம்பாடியின் டேனிஷ் மிஷனில் ஊழியம் செய்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான். வேதத்தைப் போதித்த நேரம் போக மீனும் கிளிஞ்சலும் பாம்பும் சேகரித்து ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர். பிற்பாடு பேரினப் பெயர் ‘எரிக்ஸ்’ என்று மாறியது; ஜான் மட்டும் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்கக் கண்டத்தின் போவா கன்ஸ்ட்ரிக்டரை 1758இல் லின்னேயஸ் விவரித்தபோது அது வாழும் இடத்தை இந்தியத் தேசங்கள் என்று பிழையாகக் குறித்துவைத்தார். அந்தக் குறிப்பு நம் மண்ணுளிக்கு எழுதப்பட்டிருந்தால் சரியாக இருந்திருக்கும்.

இந்த இரண்டு போவாக்களுக்கும் இன்று சந்தை இருக்கிறது. அமெரிக்கப் போவாவை நிறம் பார்த்து வாங்குகிறார்கள். மண்ணுளியை எடை பார்த்து. நிறச் சந்தை சட்டத்துக்கு உட்பட்டும் உட்படாமலும் கண்டங்களைத் தாண்டி நடக்கிறது. எடைச் சந்தை பைபாஸ் ரோட்டு லாட்ஜ் அறைகளில் நடக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தைவிட வசதியான இடம் கிடைக்காது.

காட்டில் இருக்கும் அமெரிக்கப் போவா பகட்டான பாம்பு அல்ல. மெக்சிகோ முதல் அர்ஜென்டினா வரை பரவியிருக்கும் இதன் உடல் தவிட்டு நிறம். முதுகில் காப்பிக்கொட்டை நிறத்தில் சேணம் சேணமாகப் பட்டைகள். வாலை நெருங்க நெருங்க அந்தப் பட்டைகள் செங்கல் சிவப்பாகும். உதிர்ந்த இலைமேல் கிடந்தால் காலடியில் இருந்தாலும் தெரியாது. இந்தக் கோலத்தைத் தலைமுறை தலைமுறையாகத் திருத்தியவை பருந்தின் கண்ணும் இரையின் கண்ணும். தெரிந்தது செத்தது, தெரியாதது குட்டி போட்டது.

வளர்ப்பறையில் அந்தக் கண்கள் இல்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் போவா வளர்ப்பவர்கள் வீட்டின் ஓர் அறையில் அலமாரி அலமாரியாக பிளாஸ்டிக் தொட்டிகளை அடுக்கியிருப்பார்கள். அடியில் சூடு தரும் பட்டை, உள்ளே ஒரு தண்ணீர்க் கிண்ணம், குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து உருக்கிய எலி. பாம்பைப் பார்ப்பவர் ஒருவர்தான்: வாங்க வந்தவர். அவருக்குத் தெரிய வேண்டும். பளிச்சென்று தெரிய வேண்டும். காட்டில் எந்தக் குட்டி முதலில் செத்திருக்குமோ அந்தக் குட்டிக்குத்தான் இங்கே அதிக விலை.

அப்படி விலைபோகும் வகைகளை அந்தத் தொழிலில் ‘மார்ஃப்’ என்கிறார்கள். கறுப்பு நிறமி இல்லாமல் மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பிறந்து சிவந்த கண்ணால் பார்ப்பது அல்பினோ. சிவப்பும் மஞ்சளும் இல்லாமல் சாம்பலும் கறுப்புமாக வருவது அனெரி. இரண்டும் ஒரே உடலில் சேர்ந்தால் கிட்டத்தட்ட வெண்மையாகப் பிறப்பது ஸ்னோ. கறுப்பு குறைந்து இளஞ்சிவப்பு தூக்கலாக இருப்பது ஹைப்போ. அதோடு அல்பினோவைச் சேர்த்தால் சன்குளோ. இன்னும் அனெரியையும் சேர்த்தால் மூன்குளோ. கோலத்திலும் இதே கதை. சேணங்கள் ஒன்றோடொன்று இணைந்து முதுகில் வட்டங்களாக ஓடுவது மோட்லி. ஜங்கிள், அரபெஸ்க், லெப்பர்ட் என்று பட்டியல் நீள்கிறது. பெயர் சூட்டும் உற்சாகத்தைப் பார்த்தால் புடவைக் கடைக்காரர்கள் தோற்றுப்போவார்கள்.

இதில் எதுவும் புதிதாக உண்டாக்கிய நிறமல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். பாம்பின் தோலில் நிறம் தரும் செல்கள் மூன்று விதம்: மெலனின் சுமக்கும் கறுப்புச் செல்கள், மஞ்சளும் சிவப்பும் தருபவை, ஒளியைச் சிதறடித்து மினுக்கம் தரும் படிகச் செல்கள். மார்ஃப் என்பது பெரும்பாலும் இவற்றில் ஏதோ ஒன்று வேலை செய்யாமல் போனதன் விளைவு. அல்பினோவில் கறுப்பு அழிந்ததால் அடியில் எப்போதும் இருந்த மஞ்சள் தெரிகிறது. மஞ்சள் கூடவில்லை, மறைத்தது போய்விட்டது. கழித்துக் கழித்து அடைந்த நிறத்துக்கு, கூட்டிக் கூட்டி விலை வைக்கிறார்கள்.

எல்லாக் கோல மாற்றமும் மரபணுவால் வருவதுமில்லை. தாய் கருவுற்றிருக்கும் மாதங்களில் வெப்பநிலை தவறினாலும் குட்டிகளின் கோலம் குலையும். அது அடுத்த தலைமுறைக்குப் போகாது. விநோதமான குட்டி பிறந்ததும் அதை வளர்த்து, இணை சேர்த்து, பேரக்குட்டிகளில் அதே கோலம் திரும்ப வருகிறதா என்று பார்த்தால்தான் அது மார்ஃப் என்று உறுதியாகும். பெண் போவா குட்டி போடும் பருவத்துக்கு வரவே மூன்று நான்கு வருடம் பிடிக்கும். பொறுமை உள்ளவர்களின் தொழில் இது, அதை மறுப்பதற்கில்லை.

பேரக்குட்டி வரை காத்திருப்பது ஏன் என்பது பள்ளிக்கூடப் பாடம்தான். மெண்டலின் பட்டாணிச் செடியில் படித்த ஓங்கு பண்பும் ஒடுங்கு பண்பும் இங்கே அப்படியே பொருந்தும். அல்பினோ ஒடுங்கு பண்பு; தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதான பிரதிகள் சேர்ந்தால்தான் வெளியே தெரியும். ஒன்று மட்டும் இருந்தால் பாம்பு சாதாரண நிறத்தில் இருக்கும், உள்ளே சுமந்துகொண்டிருக்கும். அப்படிச் சுமக்கும் பாம்பை ‘ஹெட்’ என்பார்கள். இரண்டு ஹெட்டுகளை இணைத்தால் சராசரியாக நாலில் ஒரு குட்டி அல்பினோ. மிச்ச மூன்றும் பார்வைக்கு ஒன்றே. அவற்றில் இரண்டு ஹெட், ஒன்று வெறும் சாதா. எது எது என்று தெரியாததால் மூன்றையும் ‘66 சதவீத ஹெட்’ என்று எழுதி விற்கிறார்கள். வாங்குபவர் பணம் கொடுப்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு நிகழ்தகவுக்கு. ஸ்னோ வேண்டுமென்றால் இரண்டு பண்பையும் சுமக்கும் ஜோடி வேண்டும். அப்போதும் பதினாறில் ஒன்றுதான் எதிர்பார்ப்பு.

ஒரே ஓர் அல்பினோ கையில் கிடைத்தால் என்ன செய்வார்கள்? சாதாப் பாம்போடு இணைப்பார்கள்; பிறப்பதெல்லாம் ஹெட். அவற்றை அண்ணன் தங்கையாக இணைப்பார்கள், அல்லது மகளைத் தந்தைக்கே திருப்பிவிடுவார்கள். அக்கா மகளைக் கட்டும் வழக்கம் உள்ள இந்த வட்டாரத்தில், நெருங்கிய உறவில் மணந்தால் குழந்தைக்கு என்ன வரலாம் என்று டாக்டர்கள் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். டாக்டர் எதைத் தவிர்க்கச் சொல்கிறாரோ அதையே வளர்ப்பவர் முறையாகச் செய்கிறார்; ஒளிந்திருக்கும் பழுது வெளியே வர வேண்டும் என்பதுதான் அவருடைய நோக்கம்.

போவா உலகில் அல்பினோவுக்கு இரண்டு புகழ்பெற்ற வம்சங்கள் உண்டு. முதலில் வளர்த்தவர்களின் பெயரால் ஒன்று கால், மற்றது ஷார்ப். பார்வைக்கு இரண்டும் ஒரே மஞ்சள், ஒரே சிவந்த கண். ஆனால் கால் அல்பினோவை ஷார்ப் அல்பினோவோடு இணைத்தால் ஒரு குட்டிகூட அல்பினோவாகப் பிறப்பதில்லை. அத்தனையும் காட்டுப் போவாவின் தவிட்டு நிறம். காரணம், இரண்டு வம்சத்திலும் பழுதானவை வெவ்வேறு மரபணுக்கள். ஒன்றில் கெட்டது மற்றதில் நன்றாக இருக்கிறது. குட்டிக்கு இரண்டுக்கும் ஒவ்வொரு நல்ல பிரதி கிடைத்துவிடுகிறது. விலையுயர்ந்த இரண்டைச் சேர்த்து மலிவானதைப் பெற்ற வளர்ப்பவரின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். பாம்பின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதுதான் நல்ல செய்தி: இத்தனைக்குப் பிறகும் ஒரே தலைமுறையில் பழைய உடுப்புக்குத் திரும்ப முடிகிறது.

நிறத்தால் அறிவியலுக்கு லாபம் இல்லாமலில்லை. 2010இன் இறுதியில் ‘பயாலஜி லெட்டர்ஸ்’ ஆய்விதழில், வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வாரன் பூத்தும் அவர் குழுவினரும் ஒரு விசித்திரத்தை எழுதினார்கள். வளர்ப்பில் இருந்த பெண் போவா ஒன்று இரண்டு ஈற்றில் 22 குட்டிகள் போட்டது. இருபத்திரண்டும் பெண். இருபத்திரண்டும் தாயைப் போலவே ‘கேரமல்’ என்ற அரிய ஒடுங்கு நிறம். ஆண் பாம்புகள் கூடவே இருந்தன. ஆனால் அந்த நிறம் ஆணிடமிருந்தும் வந்தால்தான் குட்டியில் தெரியும். மரபணுச் சோதனையில் ஆணின் பங்கு எதுவுமே இல்லை என்று தெரிந்தது. தந்தையில்லாமல் பிறந்த குட்டிகள். முதல் சந்தேகத்தைக் கிளப்பியவற்றுள் நிறமும் ஒன்று. தவிட்டு நிறக் குட்டிகளாக இருந்திருந்தால் எத்தனை பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள்?

கதை அதோடு முடியவில்லை. பாம்புகளுக்குப் பறவைகளைப் போல இசட்-டபிள்யூ பால்குரோமோசோம்கள் என்பது அன்றைய நம்பிக்கை. அந்தக் கணக்குப்படி இந்தக் குட்டிகள் இரண்டு டபிள்யூ கொண்டவையாக இருக்க வேண்டும். உயிரோடு இருக்கவே முடியாது என்று நினைத்திருந்த வகை அது. 2017இல் ‘கரன்ட் பயாலஜி’ இதழில் டோனி கேம்பிளும் உடனிருந்தவர்களும் போவாவுக்கும் மலைப்பாம்புக்கும் எக்ஸ்-ஒய் முறைதான் என்று காட்டினார்கள். தாய் எக்ஸ்-எக்ஸ், தந்தையில்லாமல் பிறந்தால் மகள்களைத் தவிர வேறு யார் பிறப்பார்கள்? ஏழு வருட அதிசயம் ஒரு வரியில் சாதாரணமாகிவிட்டது.

இன்னோர் உதாரணம் இதைவிட எளிமையானது. ஆப்பிரிக்காவின் சிறு மலைப்பாம்பான பால் பைத்தான் (பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்வதால் வந்த பெயர்) மார்ஃப் சந்தையின் ராஜா. அதன் அல்பினோ வகைகளுக்கு எந்த மரபணு காரணம் என்று தேடிய கிழக்கு மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் மாணவர்களும் ஒரு பாம்பையும் குத்திக் கிழிக்கவில்லை. வளர்ப்பவர்களிடம் பாம்புச் சட்டைகளை அஞ்சலில் கேட்டு வாங்கினார்கள். உரித்துப்போட்ட சட்டையிலிருந்து டிஎன்ஏ எடுத்து, 2022இல் வெளியான கட்டுரையில் மூன்று வகைக்கு மூன்று மரபணுக்களைச் சுட்டினார்கள். மனிதரில் அல்பினிசம் வருவதும் அதே மரபணுக்கள் பழுதாகும்போதுதான்.

செலவுப் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மோட்லி போவாவில் ஒரு பிரதி இருந்தால் அழகு; இரண்டு பிரதி சேர்ந்த குட்டிகள் பெரும்பாலும் தேறுவதில்லை. பால் பைத்தானில் ‘ஸ்பைடர்’ என்று ஒரு மார்ஃப். வலை பின்னியதுபோல் மெல்லிய கறுப்புக் கோடுகள். அந்தப் பாம்பு தலையை நேராக வைத்திருக்கச் சிரமப்படும். தள்ளாடும், சிலது மல்லாந்துவிடும், எலியைப் பிடிக்கக் குறி தவறும். வளர்ப்பவர்கள் இதற்கு ‘வாபுள்’ என்று செல்லப் பெயர் வைத்துக்கொண்டு இருபது வருடம் விற்றார்கள். 2022இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, உடல் சமநிலையைக் காக்கும் உட்செவி உறுப்புகளே கோணலாக உருவாகியிருந்தது தெரிந்தது. கோடுகளை வரைந்த அதே பழுதுதான் காதையும் கோணலாக்கியது. கோடு வேண்டும், கோணல் வேண்டாம் என்று பிரித்தெடுக்க முடியவில்லை. தலை நிமிர முடியாத பிராணியை நிறத்துக்காகப் பெருக்குவதை ரசனை என்று ஏற்க முடியாது.

நமக்கு இது புதிய பாடமுமில்லை. ரீவா மகாராஜா 1951இல் பிடித்த மோகன் என்ற வெள்ளைப் புலியைச் சாதாப் புலியோடு இணைத்தபோது வெள்ளைக் குட்டி பிறக்கவில்லை. மோகனின் மகள் ராதாவை மோகனுக்கே இணைத்த பிறகுதான், 1958இல், வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. உலக மிருகக்காட்சிசாலைகளின் வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவை; மாறுகண்ணும் அந்த வழியில் வந்தது. வண்டலூரில் கம்பிக்கு வெளியே நின்று குழந்தைக்கு வெள்ளைப் புலியைக் காட்டும் தந்தையர் அது தனி இனம் என்றே சொல்லிக்கொடுக்கிறார்கள். மனிதர் இணைத்துவிடாமலே இது நடப்பதும் உண்டு. ஒடிசாவின் சிமிலிபாலில் மற்றக் கூட்டங்களிலிருந்து துண்டிக்கப்பட்டுப்போன புலிகளிடையே கோடுகள் தடித்து உடலே கறுத்தவை அதிகமாகப் பிறக்கின்றன. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் உமா ராமகிருஷ்ணன் குழுவினர் 2021இல் அதற்கான மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்தனர். அந்தக் கறுப்பு, காடு சுருங்கியதன் அடையாளமும்கூட.

வெள்ளைப் பாம்பு என்றால் நம் ஊரில் கை தானாகக் கும்பிடும். கோவை குறிச்சியில் 2023இல் வெள்ளை நாகம் ஒன்று பிடிபட்டபோது செய்தி நாடெங்கும் ஓடியது; அதை ஆனைகட்டி வனப்பகுதியில் கொண்டுபோய் விட்டார்கள். பிரேசிலின் நித்தெரோய் நகரில் 2006இல் கிடைத்த வெள்ளைப் போவாவுக்கு அந்த நிம்மதி வாய்க்கவில்லை. அங்குள்ள விலங்குக்காட்சி நிலையத்திலிருந்து கடத்தப்பட்டு அமெரிக்கா போய், பெயரிடப்பட்டு, குட்டி போட வைக்கப்பட்டது. அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. குட்டிகளில் சில பிரேசிலுக்குத் திரும்பின. தாய் திரும்பவில்லை.

நிறத்துக்காகக் காலியான ஒரு தீவுக்கூட்டமும் உண்டு. ஹோண்டுராஸ் கரைக்கு அப்பால் உள்ள காயோஸ் கொச்சீனோஸில் வாழும் போவாக்கள் இயல்பிலேயே வெளிர் ரோஜா நிறம். இரவில் இன்னும் வெளுக்கும். எந்த வளர்ப்பவரும் உண்டாக்காத அந்த வெளிறலுக்குச் சந்தை ‘ஹாக் ஐலண்ட்’ என்று பெயரிட்டது. 1970களிலும் 80களிலும் பிடித்துப் பிடித்து ஏற்றுமதி செய்ததில் தீவில் பாம்பு தென்படுவதே அரிதானது. பாதுகாப்பு வந்த பிறகுதான் மெல்ல மீண்டன. கூண்டில் பிறந்த போவாக்கள் சந்தையை நிரப்பினால் காட்டுப் பாம்பைத் தொட மாட்டார்கள் என்ற வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் புதிய நிறத்தின் முதல் பாம்பு எப்போதும் காட்டிலிருந்துதான் வருகிறது. புதியது வேண்டும் என்ற ஆசைதான் அந்தச் சந்தையின் மூலதனம்.

அந்த ஆசை இப்போது ஓசூருக்குப் பக்கத்து விமான நிலையத்தில் இறங்குகிறது. 2023 ஜனவரியில் பெங்களூரு விமான நிலையத்தில் 18 அயல்நாட்டு விலங்குகளோடு பிடிபட்டவர்களைத் தொடர்ந்துபோன வருவாய் புலனாய்வு அதிகாரிகள், நகரின் ஒரு பண்ணை வீட்டில் மேலும் 139 உயிர்களைக் கண்டார்கள். அதே வருடம் செப்டம்பரில், பாங்காக் விமானத்தில் வந்து யாரும் எடுக்காமல் கிடந்த பெட்டிகளில் 78 விலங்குகள்: வெவ்வேறு நிறத்தில் 55 பால் பைத்தான்கள், 17 ராஜநாகங்கள், செத்துப்போன 6 கபுச்சின் குரங்குகள். 2023 ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில் கோலாலம்பூரிலிருந்து வந்தவரின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள். 2024 ஏப்ரலில் மறுபடி பெங்களூரு. பாங்காக்கிலிருந்து 10 மஞ்சள் அனகோண்டாக்கள். அனகோண்டாவும் போவா குடும்பம்தான். துணிப்பையில் முடிச்சுப் போட்டு, பெட்டிக்குள் அடுக்கி, சரக்கோடு சரக்காக வருகின்றன. நிறம் கலையாமல் வந்தால் போதும் என்பது ஏற்பாடு.

இனி எடைச் சந்தை. மண்ணுளிக்கு நிறத்தால் விலை கிடையாது. குட்டியாக இருக்கும்போது செம்மஞ்சள் உடம்பும் கறுப்பு வளையங்களுமாக ஓர் அழகு இருக்கிறது. வளர வளர அது மங்கி, உழுத மண்ணின் நிறத்துக்கு வந்துவிடுகிறது. மண்ணுக்குள் வாழ்வதற்கு அந்த நிறம் போதும். ஆனால் இத்தனை கிலோ இருந்தால் இத்தனை லட்சம், அதற்கு மேல் போனால் கோடி என்று ஒரு வதந்தி மூன்று மாநில எல்லையிலும் உலவுகிறது. வீட்டில் வைத்தால் செல்வம் பெருகும், எய்ட்ஸுக்கு மருந்து, வெளிநாட்டுக்காரன் வாங்குகிறான் என்பார்கள். இரிடியம் கலசம், ரைஸ் புல்லிங் என்ற மோசடிகளோடு அலையும் அதே தரகர்கள். பாம்பு அவர்களுக்கு இன்னொரு சரக்கு. எடையைக் கூட்ட வலுக்கட்டாயமாகத் தீனி திணிப்பதும், கனமான பொருளை விழுங்கவைப்பதும் நடந்திருக்கின்றன. முன்பு வித்தைக்காரர்கள் வாலில் சூடு போட்டுக் கண்ணும் வாயும் வரைந்தார்கள். இப்போது தராசு வந்திருக்கிறது, அவ்வளவுதான் முன்னேற்றம். 2016 முதல் 2021 வரை ஊடகங்களில் வெளியான மண்ணுளிப் பறிமுதல்களை வனவுயிர் பாதுகாப்புச் சங்கத்தின் இந்தியக் கிளை தொகுத்தபோது 172 சம்பவங்கள் கிடைத்தன. பிடிபட்டவை மட்டும் அவை.

வாங்க ஆளே இல்லாத சந்தை இது என்பதுதான் இதன் கொடுமை. அல்பினோ போவாவை வாங்குபவர் கடைசியில் ஒருவர் இருக்கிறார். தொட்டியில் வைத்து எலி போடுவார். மண்ணுளியைக் கோடி கொடுத்து வாங்கும் அந்தக் கடைசி ஆளை யாரும் கண்டதில்லை. தரகரிடமிருந்து தரகருக்கு, முன்பணத்திலிருந்து முன்பணத்துக்கு, சாக்கில் கட்டிய பாம்பு பட்டினியோடு மாவட்டம் மாவட்டமாகப் போகிறது. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இன்று இதை அச்சுறு நிலையை நெருங்கிய இனமாக வகைப்படுத்தியிருக்கிறது. எலி தின்றுகொண்டு கிடந்த பாம்புக்கு இந்தக் கதி வர ஒரு வதந்தி போதுமானதாக இருந்தது.

சட்டம் இரண்டு சந்தையையும் இன்று தொடுகிறது. மண்ணுளிப் பாம்பு 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது எல்லாமே குற்றம். அயல்நாட்டுப் பாம்புகள் நீண்ட காலம் அந்தச் சட்டத்துக்கு வெளியே இருந்தன. சுங்கத்தைத் தாண்டிவிட்டால் கேள்வியில்லை என்ற நிலை. 2022இல் செய்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, வனவுயிர் வணிகத்துக்கான உலக ஒப்பந்தமான சைட்டிஸின் பட்டியலில் உள்ள உயிரினங்களும் உள்ளே வந்தன. போவா குடும்பம் முழுக்க அந்தப் பட்டியலில் இருக்கிறது. 2024 பிப்ரவரி 28இல் அறிவிக்கப்பட்ட விதிகளின்படி, அப்படிப்பட்ட விலங்கை வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்றானது. கைமாற்றினாலும், குட்டி போட்டாலும் தெரிவிக்க வேண்டும். ஏற்பாடு நல்லதே. ஆனால் பாங்காக்கிலிருந்து பெட்டியில் வந்த பாம்பை ‘இங்கேயே பிறந்த குட்டி’ என்று எழுதிவிட்டால் அதை மறுக்க ஓர் அலுவலரிடம் என்ன இருக்கிறது? சட்டைத் துண்டிலிருந்து தாய் தந்தையைக் கண்டுபிடிக்கும் தொழில்நுட்பம் கையில் இருக்கும்போது, பதிவோடு ஒரு சட்டைத் துண்டையும் கேட்டால் என்ன?

ஓசூரில் சம்பளம் வாங்கும் இளைஞர்களிடையே பாம்பு வளர்க்கும் ஆசை இருக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விற்பவரிடம் காகிதத்தைக் கேளுங்கள். அந்தப் பாம்பு எந்த நாட்டில், எந்த ஜோடிக்குப் பிறந்தது, எப்படி இங்கே வந்தது என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் நிறம் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். வேப்பனப்பள்ளிப் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இதைவிடச் சுலபமான வேலை: வரப்பில் மண்ணுளி கிடந்தால் படம் எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள், தராசில் தூக்கி வைக்கத் தரகரைக் கூப்பிடாதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். கடலையைக் கடிக்கும் எலியை அது பார்த்துக்கொள்ளும்.